ஆர்டா ஆற்று நாடும் அதன் மக்களும்

ஐரோப்பாவின் தென்கிழக்கே, பால்கன் தீபகற்பத்தில், கிரேக்க நாட்டுக்கு வடக்கே அமைந்துள்ளது பல்கேரியா. அந்நாட்டின் தென் எல்லையில், உரோடொப்பி மலைத்தொடரின் கீழைப் பகுதியைத் தன்னகத்தே கொண்டு விளங்கும் மாகாணம் கர்ஜாலி ஆகும். பரப்பளவு ஏறத்தாழ 3,200 சதுரக் கிலோமீற்றர், பிரிவுகள் ஏழு. சிறிய நிலப்பரப்புத்தான். எனினும், ஓர் அரசு தன் குடிமக்களின் பெயரையே மாற்ற முற்பட்டால் என்ன நிகழும் என்னும் கேள்விக்கு வரலாறு விடை எழுதிய இடங்களுள் இதுவும் ஒன்று. ஆதலின் இதன் நிலத்தையும் மக்களையும் அறிந்துகொள்வது பயனுடைத்து.

மேற்கு உரோடொப்பி உயர்ந்த சிகரங்களும் ஊசியிலைக் காடுகளும் நிறைந்தது. கிழக்கு உரோடொப்பியோ தாழ்ந்த குன்றுகளாலானது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் உமிழ்ந்த சாம்பல் இறுகிப் பாறையாகி, காற்றாலும் மழையாலும் அரிக்கப்பட்டு, காளான்கள் போலவும் மனித உருவங்கள் போலவும் காட்சி தருகின்றது. இக்குன்றுகளினூடே மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வளைந்து பாய்ந்து மரித்சா நதியோடு கலப்பது ஆர்டா ஆறு. கோடையில் மெலிந்தும் மாரியில் பெருகியும் ஓடிய இவ்வாற்றை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரும் அணைகள் கட்டித் தடுத்தனர். இன்று கர்ஜாலி நகரின் இருபுறமும் நீர்த்தேக்கங்கள் உள்ளன.

மண் வளமற்றது, ஆழமற்றது. கோதுமைக்கு இசையாத அம்மண்ணிலே சிறந்து வளர்வது சிற்றிலைப் புகையிலை. நாற்றுமேடையில் விதைத்து, கன்றுகளைப் பிடுங்கி நட்டு, விடியுமுன் எழுந்து இலை பறித்து, ஒவ்வோர் இலையாய் ஊசியாற் கோத்து, வெயிலில் உலர்த்தும் வேலை அது. ஒரு குடும்பத்தின் முதியோரும் சிறுவரும் ஒருங்கே கைகொடுத்தாலன்றி நடவாது. மலைக்கு மலை சிதறிக் கிடக்கும் சிற்றூர்களும், குடும்பமே தொழிற்கூடமாய் அமைந்த வாழ்வும், அம்மக்கள் தம் மொழியையும் வழக்கங்களையும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தமைக்குப் பெரிதும் துணை நின்றன.

இந்நிலத்தின் பழமை வியத்தற்குரியது. குருமோவ்கிராத் நகருக்கு அருகிலுள்ள அதா தெப்பே என்னும் குன்றிலே, கி.மு. 15 ஆம் நூற்றாண்டளவிலேயே மக்கள் பொன் அகழ்ந்தனர் என அகழ்வாராய்ச்சி காட்டுகின்றது. பெர்பெரிக்கோன் என்னும் குன்றிலே பாறையைக் குடைந்து ஆக்கிய படிகளும் மண்டபங்களும் காணப்படுகின்றன. திரேசியர், உரோமர், பைசாந்தியர், பல்கேரியர் எனப் பலரும் அங்கு வாழ்ந்து சென்றனர். ஆர்டினோவுக்கு அருகே, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்டா ஆற்றின் மேல் எழுப்பப்பட்ட கற்பாலத்தை மக்கள் ‘சாத்தானின் பாலம்’ என்று அழைக்கின்றனர். அதன் வளைவுகள் இன்றும் உறுதியாய் நிற்கின்றன.

பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒட்டோமன் துருக்கியர் இப்பகுதியைக் கைப்பற்றினர். கிர்ஜா அலி என்னும் படைத்தலைவனின் பெயரே கர்ஜாலி என ஆயிற்று என்பது வழிவழி வந்த செய்தி. 1878 ஆம் ஆண்டின் பேர்லின் உடன்படிக்கையால் இந்நிலம் கிழக்கு உரூமேலியா என்னும் தன்னாட்சி மாகாணத்தில் அடங்கியது. 1885 இல் அம்மாகாணம் பல்கேரியாவோடு இணைந்தபோது, அவ்விணைப்பைச் சுல்தான் ஏற்றுக்கொள்வதற்கு ஈடாக, அடுத்த ஆண்டிலே கர்ஜாலிப் பகுதி மீண்டும் துருக்கியிடம் கொடுக்கப்பட்டது. 1912 ஒக்ரோபரில், முதலாம் பால்கன் போரின்போதே பல்கேரியப் படை இந்நகரினுட் புகுந்தது. அடுத்த ஆண்டிலே கிழக்குத் திரேசிலிருந்து துரத்தப்பட்ட பல்கேரியக் குடும்பங்கள் பல இங்கு வந்து குடியேறின. ஆகவே, இம்மலைநாட்டில் ஒருவரையொருவர் அடுத்து வாழ்ந்த இரு சாராருமே இழப்பின் நினைவைச் சுமந்தவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

புதிய அரசு முதலில் ஊர்களின் பெயரை மாற்றியது. 1934 இல் மெஸ்தான்லி என்பது, இடைக்கால வீரனாகிய மொம்சிலின் பெயரால் மொம்சில்கிராத் ஆயிற்று. கோஷுக்காவாக், குரூம் என்னும் பண்டைப் பல்கேரிய மன்னனின் பெயரால் குருமோவ்கிராத் ஆயிற்று. எக்ரிதெரே ஆர்டினோ ஆயிற்று. கர்ஜாலி நகரில் இசுலாமிய சமயக் கல்விக்கென எழுப்பிய அழகிய மாளிகையொன்று, அந்நோக்குக்குப் பயன்படாமலே போய், பின்னர் அரும்பொருட் காட்சிச்சாலையாக மாறியது. துருக்கியப் பாடசாலைகள் 1946 இல் அரசுடைமையாக்கப்பட்டன. ஐம்பதுகளின் இறுதியில் அவை பல்கேரியப் பாடசாலைகளோடு இணைக்கப்பட்டன. எழுபதுகளிலே துருக்கி மொழி பாடமாகவும் நில்லாது மறைந்தது.

ஊர்ப்பெயருக்குப் பின் ஆட்பெயர் வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில், பல்கேரிய மொழி பேசும் முஸ்லிம்களாகிய பொமாக்கியரின் பெயர்கள் வலிந்து மாற்றப்பட்டன. 1984 டிசெம்பரில் துருக்கியரின் முறை வந்தது. துருக்கியர் என ஒருவரும் இல்லை, முன்னொரு காலத்தில் மதம் மாற்றப்பட்ட பல்கேரியரே உளர் என்று தோதோர் ஷிவ்கோவின் அரசு கூறியது. அச்செயலுக்கு ‘மறுமலர்ச்சி’ என்றும் பெயரிட்டது. பனி மூடிய சிற்றூர்களைப் படையினர் சூழ்ந்தனர். மக்கள் புதிய பெயர்களைத் தெரிந்து கையொப்பமிட வேண்டியதாயிற்று. இறந்துபோன தந்தையரின் பெயர்களுங்கூடப் பதிவேடுகளில் மாற்றப்பட்டன. பொது இடத்திலே துருக்கி மொழி பேசியோர் தண்டம் இறுத்தனர்.

மக்கள் வாளா இருக்கவில்லை. டிசெம்பர் இறுதி நாட்களில் ஊர்தோறும் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். மொகில்யானே என்னும் ஊரில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில், இரண்டு வயதும் நிரம்பாத துர்க்கான் என்னும் குழந்தை உயிரிழந்தது. அதன் நினைவாக அமைந்த நீரூற்றின் முன் ஆண்டுதோறும் மக்கள் கூடுகின்றனர். எதிர்த்தோர் பலர் டான்யூப் நதித் தீவாகிய பெலெனேயில் அடைக்கப்பட்டனர். 1985 ஆம் ஆண்டின் இளவேனிலுக்குள் நாடெங்கும் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் தம் பெயரை இழந்தனர்.

உலகம் இச்செய்தியை நன்கு உணருமாறு செய்தவர் ஒரு விளையாட்டு வீரர். மொம்சில்கிராத் பகுதியைச் சேர்ந்த தீச்சார் என்னும் சிற்றூரில் 1967 இல் பிறந்த நயீம் சுலைமானோலு, பாரந்தூக்குவதில் இளமையிலேயே உலக சாதனை படைத்தவர். அரசு அவருக்கு நாவும் ஷலமானோவ் என்று பெயர் சூட்டியது. 1986 டிசெம்பரில் மெல்போர்ண் நகருக்குப் போட்டிக்குச் சென்றவர், அங்கிருந்து தப்பித் துருக்கியை அடைந்தார். 1988 இல் சியோல் ஒலிம்பிக் போட்டியில், 60 கிலோகிராம் பிரிவிலே 190 கிலோகிராமைத் தலைக்கு மேல் உயர்த்திப் பொற்பதக்கம் பெற்றபோது, அவர் பெற்றோர் இட்ட பெயரே உலகெங்கும் ஒலித்தது.

1989 மே மாதத்தில் ஜெபெல் முதலிய ஊர்களில் எதிர்ப்பு மீண்டும் மூண்டது. அம்மாத இறுதியில், துருக்கி தன் எல்லையைத் திறக்கட்டும் என ஷிவ்கோவ் தொலைக்காட்சியிற் கூறினார். எல்லை திறந்தது. ஓகஸ்ட் மாதத்துள் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர், கட்டில், மெத்தை, பாத்திரங்களை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வெளியேறினர். புகையிலை முற்றி நின்ற காலம் அது; பறிப்பார் இல்லை. நகரங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வயல்களுக்கு அனுப்ப வேண்டிய நிலை அரசுக்கு ஏற்பட்டது. குடிமக்களின் பெயரை வேண்டாத அரசுக்கு, அவர்களின் கைகள் மட்டும் தேவைப்பட்டன!

நவம்பர் 10 ஆம் நாள் ஷிவ்கோவ் பதவியிழந்தார். அவ்வாண்டு முடியுமுன்னரே, பெயர்களை மீட்டளிப்பதற்கு முடிவு செய்யப்பட்டது. அம்முடிவை எதிர்த்து நகர வீதிகளில் ஊர்வலஞ் சென்ற பல்கேரியர் உண்டு; அதற்கு ஆதரவாய்க் குரல் கொடுத்த பல்கேரியரும் உண்டு. சென்றோரில் ஒன்றரை இலட்சம் பேர் அளவில் திரும்பி வந்தனர். 2012 சனவரியில் பல்கேரியப் பாராளுமன்றம் அக்கொடுமையைக் கண்டித்து, 1989 ஆம் ஆண்டு வெளியேற்றத்தை இனத்துடைப்பு என்றே குறித்தது. அடுத்த ஆண்டில் மக்காசாக் கணவாய் திறக்கப்பட்டு, கர்ஜாலியிலிருந்து ஈஜியன் கடற்கரைக்கு நேர்வழி கிடைத்தது.

இன்று இம்மாகாணத்தில் துருக்கியரே பெரும்பான்மையினர். பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே நகரில் உள்ளன. ஆயினும் சென்றவர் எல்லோரும் திரும்பவில்லை. இளைஞர் தொழில் தேடி மேலும் வெளியே செல்கின்றனர். 2011 இல் 152,808 ஆக இருந்த மக்கள்தொகை 2021 இல் 141,177 ஆகக் குறைந்தது. பெயர்களை ஒரு சட்டத்தால் மீட்டளிக்க முடிந்தது. பூட்டிச் சென்ற வீடுகளைத் திறப்பித்தல் அத்துணை எளிதாக இல்லை.

நாட்டின் ஒற்றுமையைக் காக்கவே இதனைச் செய்தோம் என்று ஆட்சியாளர் கூறினர். நாட்டை விட்டுப் போக எண்ணாத மக்களையும் போகச் செய்ததே அதன் பயனாயிற்று. ஆர்டா ஆற்று நாட்டின் வரலாறு நமக்கு எடுத்துரைப்பது இதுவே: ஒரு குழந்தைக்குப் பெயரிடும் உரிமை பெற்றோருடையது. அந்த உரிமையை மதிக்கும் அரசையே குடிமக்கள் தமதென்று கொள்வர்.