பெயர் பொறித்தவரும் பணி புரிந்தவரும்: ஆங்கில இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு காலத்திற் கருவியாக விளங்கிய பொருள் பிறிதொரு காலத்திற் கலைப்பொருளாக மதிக்கப்படுதல் வரலாற்றில் அரிதான நிகழ்ச்சியன்று. வாளும், கடிகாரமும், பாய்க்கப்பலின் திசையறி கருவியும் அவ்வாறு அரும்பொருட்சாலைகளிற் குடிபுகுந்தவையே. குழல்கள் இரண்டும் பக்கம் பக்கமாக அமைந்த பழைய ஆங்கில வேட்டைத் துப்பாக்கியும் இவ்வரிசையைச் சேர்ந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதனைத் தேடிச் சேர்ப்போர் பலர். நம் நாட்டிற் பிறந்த ஒருவருக்குத் துப்பாக்கி என்ற சொல் அழகுணர்ச்சியைத் தூண்டக்கூடியதன்று. அச்சொல்லோடு ஒட்டிவரும் நினைவுகள் வேறு. (நம்மூர்ப் பேச்சு வழக்கிலுள்ள துவக்கு என்பதும் துப்பாக்கி என்பதும் ஒரே துருக்கிய மூலத்தினின்று வந்தவை என்பர்.) எனினும், சேகரிப்போர் போற்றும் அவ்வழகு எத்தகைய சமுதாயத்தில், யாருடைய கைகளிற் பிறந்தது என்ற வினா வரலாற்று மாணவர் புறக்கணிக்கத்தக்கதன்று.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனிற் பணியாற்றிய யோசேப் மான்ரன் என்பவரே இத்துப்பாக்கிக்கு அதன் செவ்விய வடிவைக் கொடுத்தவராகக் கருதப்படுகிறார். தீக்கல்லின் பொறியால் வெடிக்கும் அக்காலத்துத் துப்பாக்கியின் பருமனைக் குறைத்து, இரு குழல்களுக்கும் இடையே குறிபார்ப்பதற்கு உதவும் உயர்ந்த விலாத்தகட்டை அமைத்து, 1806இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பிற்காலத்திற் பெரும்புகழ் எய்திய யேம்ஸ் பேர்டி, தோமஸ் பொஸ், சாள்ஸ் லங்காஸ்ரர் ஆகியோர் அவருக்காகப் பணிபுரிந்தவர்களே. ஆசானோ 1826இல் கடனாளியாகி நொடித்துப் போனார். சீடர்களின் பெயர்கள் இன்றும் விலைபோகின்றன.

தீக்கல் துப்பாக்கிக்கு ஒரு குறை இருந்தது. பொறி பறந்து மருந்து பற்றுவதற்குள் பறவை அவ்வொளியைக் கண்டு தப்பிவிடும். ஸ்கொத்லாந்தின் கிராமமொன்றிற் குருவாயிருந்த அலெக்சாந்தர் போர்சைத் இதனாற் சலிப்புற்று, அடிபட்டவுடன் வெடிக்கும் இரசாயனத்தைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறையைக் கண்டு 1807இற் காப்புரிமை பெற்றார். போர்க்களங்களையே மாற்றிய ஒரு கண்டுபிடிப்பு, வாத்து வேட்டையில் விருப்புற்ற ஒரு சமயகுருவிடமிருந்து வந்தமை வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. அடுத்த பெருமாற்றம் பிரான்சிலிருந்து வந்தது. குழலின் வாய்வழி மருந்திட்டு இடிப்பதற்குப் பதிலாக, குழலைக் கீழே மடித்துப் பின்புறமாகத் தோட்டாவைச் செருகும் லெபோஷேயின் முறை 1851ஆம் ஆண்டு இலண்டன் மாபெரும் கண்காட்சியில் ஆங்கிலேயரின் கவனத்தை ஈர்த்தது. இலண்டன் வினைஞர் முதலில் ஐயுற்றனர். ஓரிரு தசாப்தங்களில் அனைவரும் அதனையே பின்பற்றினர்.

எஞ்சியிருந்தவை வெளியே துருத்திக்கொண்டிருந்த 'குதிரைகள்' மாத்திரமே. சுடுமுன் அவ்விரண்டையும் பெருவிரலாற் பின்னிழுக்க வேண்டும். 1875இல் பேமிங்காம் நகரிலுள்ள வெஸ்லி றிச்சேட்ஸ் நிறுவனத்தில் வேலைத்தலப் பொறுப்பாளராயிருந்த வில்லியம் அன்சனும், முகாமையாளர் யோன் டீலியும் இதற்குத் தீர்வு கண்டனர். குழல்கள் கீழே சாயும்போது அவற்றின் சுமையே நெம்புகோல்கள் வழியாக உள்ளிருக்கும் குதிரைகளை ஏற்றிவிடும். உறுப்புக்கள் மிகச் சிலவே. எளிமையில் அதனை விஞ்சிய அமைப்பு இன்றளவும் தோன்றவில்லை எனலாம். 1880இல் பிரடெரிக் பீஸ்லி என்பவர் இதற்கு மறுதலையான வழியிற் சென்றார். அவரது அமைப்பில் துப்பாக்கியை மூடும்போதே வில்கள் அழுந்துகின்றன. அவ்வில்களில் எஞ்சிநிற்கும் விசை அடுத்தமுறை துப்பாக்கி திறக்கத் துணைபுரிகின்றது. முன்னர் பேர்டி நிறுவனத்திற் பணிபுரிந்த பீஸ்லி, தம் உரிமையை அந்நிறுவனத்துக்கே விற்றுவிட்டார். அதனை உலகம் இன்றும் பேர்டி அமைப்பு என்றே அழைக்கின்றது.

அன்சன்-டீலி முறை பெட்டிப் பூட்டு எனவும், இருபுறமும் தகட்டின்மீது பூட்டுறுப்புக்கள் பொருத்தப்பட்ட பழைய முறை பக்கப் பூட்டு எனவும் பெயர்பெறும். சேகரிப்போர் பக்கப் பூட்டையே உயர்ந்ததாகக் கொள்வர். விலையும் பன்மடங்கு வேறுபடும். பொறியியல் நோக்கில் இதற்கு ஓரளவு நியாயம் உண்டெனினும், பெரிய தகடு செதுக்கு வேலைக்கு இடந்தருகின்றது என்பதும், பெட்டிப் பூட்டு இலண்டனிலன்றித் தொழில் நகரான பேமிங்காமிற் பிறந்தது என்பதும் இவ்விருப்பத்துக்குப் பின்னாலுள்ள காரணங்கள் என்பதே எமது கருத்து.

இத்துணை விரைவாக மாற்றங்கள் நிகழ்ந்தமைக்குக் காரணம் என்ன? மருந்திடித்த காலத்து வேட்டைக்காரர் நாயுடன் வயல்வெளியில் நடந்து, எழும் பறவையைச் சுட்டனர். புதிய முறையில் அவர் ஓரிடத்தில் நின்றார். கூலிக்கு அமர்த்தப்பட்ட ஊரவர் புதர்களைத் தட்டி, வளர்த்துவிடப்பட்ட பெசன்ட் பறவைகளை அவர் தலைக்கு மேலாக ஓட்டினர். ஒரே அச்சில் வார்த்தன போன்ற இரு துப்பாக்கிகளை அவர் வைத்திருந்தார். ஒன்றாற் சுடும்போது மற்றையதில் உதவியாளர் தோட்டா இடுவார். சேகரிப்போர் இன்று பெரிதும் விரும்பும் 'இணைகள்' இவ்வாறு தோன்றியவையே. றிப்பன் பிரபு (இரண்டாம் மார்க்குவிஸ்) 1923இல் வேட்டைக்களத்திலேயே உயிர்துறக்கும்வரை ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைச் சுட்டு வீழ்த்தியமை அவரது சொந்தக் குறிப்பேடுகளாற் புலனாகின்றது. 1913 டிசெம்பர் 18ஆம் நாள் ஹோல் பார்ன் என்னுமிடத்தில் ஐந்தாம் யோர்ச் மன்னர் கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 3,900க்கு மேற்பட்ட பெசன்ட்கள் மடிந்தன. அதே கிராமப்புறங்களில் பசிக்காக ஒரு முயலைக் கண்ணியிட்டுப் பிடித்த ஏழை சிறையை எதிர்நோக்கினான். 1828ஆம் ஆண்டுச் சட்டப்படி இரவிற் களவாக வேட்டையாடி மூன்றாம் முறை பிடிபட்டவன் நாடு கடத்தப்படவும் கூடும்.

இவ்வேட்டை மோகம் பேரரசின் வழியே இலங்கையையும் எட்டியது. வாய்வழி மருந்திட்ட காலத்து இரட்டைக்குழல்களைக் கொண்டு மேஜர் றோஜேர்ஸ் என்ற இராணுவ அதிகாரி 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாக ரெனன்ற் எழுதியுள்ளார். அவ்வதிகாரி 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவிற் குடியேறி 1855இல் நாடு திரும்பிய சாமுவேல் பேக்கரின் வேட்டை நூலிலும் எண்ணிக்கையே பெருமையாகப் பேசப்படுகின்றது.

இனி, அக்கைகளுக்கு வருவோம். இலண்டன் முகவரியைத் தாங்கிய துப்பாக்கி முழுவதும் இலண்டனிலேயே உருவானது எனக் கொள்ளுதல் தவறு. பேமிங்காமின் துப்பாக்கிப் பகுதியில் உழைப்பு மிக நுட்பமாகப் பங்கிடப்பட்டிருந்தது. குழலைக் காய்ச்சி ஒட்டுபவர், துளையிடுபவர், அராவுபவர், பூட்டுச் செய்பவர், பிடங்கு செதுக்குபவர், திருகாணி இடுபவர், மெருகிடுபவர், சித்திரம் செதுக்குபவர் என ஒவ்வொருவரும் தத்தம் சிறு பட்டறையிலிருந்தே பணிபுரிந்தனர். முடிவுறாத துப்பாக்கி தெருத்தெருவாகச் சிறுவர்களின் கைகளிற் பயணஞ்செய்து முழுமைபெற்றது. பூட்டுக்கள் பெரும்பாலும் டார்லஸ்ரன், வென்ஸ்பரி ஆகிய சிற்றூர்களிலிருந்து வந்தன. இலண்டனின் தலைசிறந்த நிறுவனங்கள் சிலவற்றுக்கு வூல்வர்ஹம்ரன் நகரத்துப் பிரேசியர் குடும்பத்தினர் பூட்டுச் செய்து கொடுத்தனர். ஈற்றில் விற்பவரின் பெயர் பொறிக்கப்பட்டது. (இதே பேமிங்காம் பட்டறைகளிலிருந்தே பதினெட்டாம் நூற்றாண்டில் மேற்காபிரிக்க அடிமை வாணிகத்துக்கும் மலிவான துப்பாக்கிகள் ஏற்றுமதியாயின.)

அவர்களின் திறமைக்குத் தமஸ்கு எனப்படும் குழல்களே சான்று. இரும்பையும் உருக்கையும் மெல்லிய கம்பிகளாக அடுக்கி, முறுக்கி, பட்டையாக்கி, அப்பட்டையை ஒரு தண்டின்மீது சுற்றிச் சூட்டிலே சம்மட்டியால் அடித்து ஒட்டுவர். பின் அமிலம் பூசினால் முறுக்கின் வரிகள் கோலம்போல வெளிப்படும். பெல்ஜியத்தின் லியேஜ் பகுதி இதிற் பேர்பெற்றது. ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றிலும் அங்கிருந்து வந்த குழல்களே உள்ளன. வார்ப்புருக்கும் புகையற்ற மருந்தும் பரவியபின் இக்குழல்கள் ஆபத்தானவையென ஒதுக்கப்பட்டன. முதலாம் உலகப்போரோடு கலையும் ஏறத்தாழ மறைந்தது. இன்று சேகரிப்போர் அவ்வரிகளின் செறிவைக் கண்டு விலை மதிக்கின்றனர்.

அப்போர் இத்துப்பாக்கியின் வளர்ச்சியையும் நிறுத்தியது. 1870களில் அமெரிக்கத் தானியம் மலிவாக இறங்கியதாலும், 1894இல் மரணவரி உயர்ந்ததாலும் நலிவுற்றிருந்த நிலவுடைமைக் குடும்பங்கள் போரில் மைந்தரையும் இழந்தன. இன்று செய்யப்படும் உயர்ந்த இரட்டைக்குழலும் அடிப்படையில் அக்கால வடிவினதே. எமது நோக்கில், செவ்வியல் என்ற அடைமொழியின் பொருள் இதுவே: அதனை மாற்றத் தூண்டிய தேவை மறைந்தபின் வடிவம் உறைந்து நின்றுவிட்டது.

சேகரிப்போர் ஒரு துப்பாக்கியை வாங்குமுன் தொடரிலக்கத்தைக் குறித்துக்கொண்டு, செய்த நிறுவனத்தின் பேரேட்டைத் தேடுவர். 1876ஆம் ஆண்டு, 12ஆம் அளவு (ஓர் இறாத்தல் ஈயத்திற் பன்னிரண்டு உருண்டைகள் வார்த்தால் அவற்றுள் ஒன்றின் விட்டம்), இன்ன பிரபுவுக்கு விற்கப்பட்டது என்றவாறு பதிவு இருக்கும். குழல்களின் கீழ்ப்புறத்திற் சோதனைச்சாலையின் முத்திரைகளைக் காணலாம். பேமிங்காமின் சோதனைச்சாலை 1813இற் சட்டத்தால் நிறுவப்பட்டது. முன்கட்டையைக் கழற்றிப் பார்த்தால், முத்திரைகளுக்கு அப்பால், சுடுபவர் கண்ணிற் படாத இடத்தில், குழல் செய்தவர் தம் பெயரின் முதலெழுத்துக்களைச் சிறிதாக அடித்திருப்பதும் உண்டு. பூட்டின் உட்புறத்திலும் அவ்வாறே. அண்மைக் காலத்தில் ஆர்வலர் சிலர் பழைய குடிசன மதிப்பீட்டுப் பதிவுகளோடு இவற்றை ஒப்பிட்டு, அவ்வெழுத்துக்களுக்கு உரியவர்களைத் தேடி வருகின்றனர். சிலருக்குப் பெயரும் தெருவும் கிடைத்துள்ளன. ஏனையோர் இன்னும் இரண்டு எழுத்துக்களாகவே உள்ளனர்.