சந்தை கூடும் நாள்: தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும்

ஹங்கேரிய மொழியில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பெயர் 'வஷார்னப்'. 'வஷார்' என்றால் சந்தை, 'நப்' என்றால் நாள். சந்தை நாள்தான் அவர்களுக்கு ஞாயிறு! இந்த 'வஷார்' வேறு எதுவுமில்லை, நமக்குப் பழக்கமான 'பஜார்' என்ற சொல்லின் தூரத்து உறவுதான். பாரசீகப் பக்கமிருந்து போன சொல். தமிழ்நாட்டில் விஷயம் தலைகீழ். இங்கே கிழமைக்குச் சந்தையின் பெயர் வரவில்லை, ஊருக்குக் கிழமையின் பெயர் வந்தது. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, நாமக்கல் பக்கம் புதன்சந்தை...

தேனிக்கு அப்படிப் பெயர் எதுவும் ஒட்டவில்லை. ஆனால் அந்த ஊரே சந்தையால் வளர்ந்த ஊர்தான். பழைய மதுரை மாவட்டத்தில் தாலுகா தலைமையிடம் என்ற பெருமை பெரியகுளத்துக்கு. அல்லிநகரத்தை ஒட்டிய சிற்றூராக இருந்த தேனி, 1996-ல் அரசாணை போட்டு மதுரையைப் பிரித்தபோது பெரியகுளத்தையும் போடியையும் கம்பத்தையும் முந்திக்கொண்டு மாவட்டத் தலைநகரானது. இத்தனைக்கும் அங்கே பெரிய கோட்டை கிடையாது, அரண்மனை கிடையாது. இருந்தது நாலு பக்கமும் போகும் சாலைகளும், வார இறுதியில் கூடும் ஒரு சந்தையும்.

வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ஏன் சந்தை? பழைய மதுரையிலும் புகாரிலும் பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி என்று தினமும் கடை நடந்ததைச் சங்க இலக்கியமும் சிலப்பதிகாரமும் சொல்கின்றன. அது பெருநகரம், வாங்கும் கூட்டம் தினமும் இருந்தது. ஒரு கிராமத்தால் ஒரு கடைக்காரனுக்கு ஏழு நாளும் சோறு போட முடியாது. ஏழு கிராமம் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு நாள் போட முடியும். எனவே வியாபாரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினான். திங்கட்கிழமை ஆண்டிபட்டியில் சந்தை, ஆட்டுச் சந்தையும் அன்றுதான். வடுகபட்டிப் பூண்டுச் சந்தை வியாழனும் ஞாயிறும். இப்படி ஒன்றுக்கொன்று இடிக்காமல் நாட்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். சீனக் கிராமச் சந்தைகளிலும் இதே ஏற்பாடு இருந்ததை வில்லியம் ஸ்கின்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960-களில் விரிவாக எழுதினார். அங்கே ஏழு நாள் கணக்கு இல்லை, பத்து நாள் கணக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் சந்தை கூடுவதற்கு விற்க ஏதாவது இருக்க வேண்டும், வாங்கக் காசும் இருக்க வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டுமே மலையிலிருந்து இறங்கி வந்தவை.

முதலில் தண்ணீர். 1876-78 பஞ்சம் மதுரைச் சீமையைச் சூறையாடிய பிறகுதான், மேற்கே ஓடி வீணாகும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு உயிர் வந்தது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. பென்னிகுக் தலைமையில் 1887-ல் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்த நீர் சுருளியாறு, முல்லையாறு என்று கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பாய்ந்து வைகையில் சேர்ந்தது. கூடலூர் தொடங்கி 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் என்ற கணக்கை இன்றும் விவசாயிகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒருபோகம் வீட்டுக்கு, இரண்டாவது போகம் சந்தைக்கு! நெல்லோடு வாழை, தென்னை, திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-லேயே பெற்றுவிட்டது. அந்தப் பூண்டு இறங்கி வந்து விலை போகும் இடம்தான் வடுகபட்டி.

அடுத்தது கூலி. ஏலமலையில் ஏலத்தோட்டங்களும், தேவிகுளம், பீர்மேடு பக்கம் தேயிலைத் தோட்டங்களும் பெருகியபோது அங்கே வேலைக்குப் போனவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். மலையில் நெல் விளையாது. அரிசி, பருப்பு, துணிமணி, மண்வெட்டி, கம்பளி எல்லாம் கீழேயிருந்து மேலே போக வேண்டும். ஏலக்காயும் மிளகும் மேலேயிருந்து கீழே வர வேண்டும். மூணாறுக்குப் போகும் போடிமெட்டுப் பாதையும், குமுளிக்குப் போகும் கம்பம் பாதையும் பிரியும் இடத்தில் உட்கார்ந்திருந்தது தேனி. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயிலும் வந்தது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் தண்டவாளங்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் (போருக்கு இரும்பு வேண்டுமாம்!). 1950-களில்தான் மறுபடி போட்டார்கள்.

சந்தைக்குள் நடந்த வியாபாரம் தனி உலகம். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தோளில் கிடக்கும் துண்டை விரித்து அதற்கடியில் இருவரும் கையைப் பிடித்து, விரலை மடக்கி நீட்டியே பேரம் முடிப்பார்கள். சுற்றி நிற்கும் ஐம்பது பேருக்கும் விலை தெரியாது, நடுவில் நிற்கும் தரகருக்கு மட்டும் தெரியும். அவருடைய பிழைப்பே அந்தத் துண்டுக்கு அடியில்தான்! 1957-ல் அணா போய் நயா பைசா வந்தது. 1960-களின் தொடக்கத்தில் வீசையும் பலமும் போய்க் கிலோ வந்தது. சந்தை இரண்டையும் ஏற்றுக்கொண்டு, கூடவே தன் பழைய வழக்கத்தையும் விடாமல் வைத்துக்கொண்டது. இன்றும் தக்காளியையும் கத்தரிக்காயையும் தராசே இல்லாமல் 'கூறு' கட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். பொழுது சாயச் சாயக் கூறு பெருக்கும், விலை இறங்கும். கடைசி நேரத்தில் வருபவர்கள் பெரும்பாலும் கையில் காசு குறைவாக உள்ளவர்கள் என்பது விற்பவருக்கும் தெரியும்.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் தரைக்காசு. சந்தையில் சாக்கு விரித்து உட்காரும் எவரும் அந்தத் தரைக்குச் சுங்கம் கட்ட வேண்டும். வெள்ளைக்காரர் கால உள்ளாட்சிச் சட்டங்கள் சந்தைகளைப் பொதுச் சந்தை, தனியார் சந்தை என்று பிரித்தன. வசூல் உரிமையை ஆண்டுக்கு ஒருமுறை ஏலம் விடும் பழக்கமும் வேரூன்றியது. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். அந்தச் சுமை கடைசியில் ஒரு கூடை கீரையோடு வந்த பாட்டியின் தலையில் இறங்கும். சுங்கத் தகராறு இல்லாத சந்தை தமிழ்நாட்டில் இருந்திருக்குமா என்பதே சந்தேகம்தான்.

இந்தக் குறைக்கு அரசு கண்ட மருந்து உழவர் சந்தை. 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது, பின்னர் தேனிக்கும் வந்தது. சுங்கம் கிடையாது, தரகர் கிடையாது, விலை பலகையில் எழுதியிருக்கும். 2001-ல் ஆட்சி மாறியதும் கவனிப்பு குறைந்து, 2006-க்குப் பிறகு மீண்டும் தலைதூக்கியது. நல்ல திட்டம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே கடை போட உழவர் அடையாள அட்டை வேண்டும். நிலமில்லாமல் வாங்கி விற்கும் கூடைக்காரிக்கும், பழைய இரும்பு விற்பவருக்கும், அரிவாள் சாணை பிடிப்பவருக்கும், கருவாட்டுக்காரருக்கும் அங்கே இடமில்லை. அவர்களுக்கு வாரச்சந்தையைவிட்டால் வேறு போக்கிடம் இல்லை.

1956 நவம்பர் 1-ல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தன. முன்பு திருவிதாங்கூர் பக்கம் இருந்த சந்தையின் மலை வாடிக்கையாளர்கள் அதன் பிறகும் வெளிமாநிலத்தவராகவே இருந்தார்கள். ஆனாலும் வியாபாரம் நிற்கவில்லை. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலையில் ஜீப்களில் ஏலத்தோட்டத்துக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கு எல்லை என்பது ஒரு சோதனைச் சாவடி மட்டுமே.

அது சுவராக மாறிய காலமும் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை வெடித்தபோது குமுளிச் சாலை அடைபட்டது. தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக இறங்கி வந்தார்கள். கீழிருந்து காய்கறி லாரிகள் மேலே ஏறவில்லை. இங்கே தக்காளி தேங்கியது, அங்கே காய்கறிக்குத் தட்டுப்பாடு. எந்த அணை இந்தச் சந்தைக்கு நெல்லைக் கொடுத்ததோ, அதே அணையின் பேரால் சந்தைக்கு வரும் வழி மூடப்பட்டது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது வாரச்சந்தைகளே மூடப்பட்டன, ஜீப்களும் நின்றன.

ஏலக்காய் மட்டும் சந்தையை விட்டு வேறு வழியில் போய்விட்டது. 2007-ல் போடியில் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. வியாபாரிகள் கணினி முன் உட்கார்ந்து பொத்தானை அழுத்தி விலை கேட்கிறார்கள், துண்டுக்கு வேலையில்லை. அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்ற மதுரை-போடி ரயில், 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூன் மாதம் போடி வரைக்கும் திரும்பி வந்தது. பன்னிரண்டு ஆண்டு காலம் மூட்டைகளை பஸ்ஸின் கூரையிலும் மினி லாரியிலும் ஏற்றிப் பழகிய வியாபாரிகள் ரயிலுக்கு அவ்வளவு சுலபமாகத் திரும்பிவிடவில்லை. ரயிலில் இப்போது இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் மூட்டை இல்லாத பயணிகள்தான்.