பொங்கற் பானையும் உரலும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளும் கதிரவன் தொடர்பாகவே பெயர் பெற்றவை. கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயல்கள் விரிந்து கிடக்கும் நிலம் படுவான்கரை. எழுவான்கரையிலே, கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் இடையில் அமைந்த ஊர் நாவற்குடா. தை முதல் நாளன்று இவ்வூரவர் வணங்கும் ஞாயிறு கிழக்கே கடலினின்று எழுகின்றது. இப்பகுதியின் நெற்களஞ்சியமோ மேற்கே வாவிக்கு அப்பால் உள்ளது.

அன்று முற்றத்தை மெழுகிக் கோலமிட்டு, மூன்று கல் கூட்டிய அடுப்பிலே புதுப்பானை ஏற்றுவர். பால் பொங்கியதும் பச்சை அரிசியையும், வறுத்துக் கோது நீக்கிய பயற்றையும் இடுவர். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்ப்பர். இவ்வுணவிலே இரண்டு நன்மைகள் அடங்கியுள்ளன. அரிசிப் புரதத்திற் குறைவாயுள்ள லைசின் என்னும் கூறு பயற்றில் மிகுதியாக உண்டு. ஆகவே ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. மேலும், பொங்கலிற் கஞ்சி வடிப்பதில்லை. நீரிற் கரையும் சத்துப் பானையிலேயே தங்குகின்றது. ஆனால், அச்சத்து முதலில் அரிசியில் இருத்தல் வேண்டுமன்றோ? அதனை முடிவு செய்வது அடுப்பன்று, உரல்.

உரலிற் குத்தும்போது உமி நீங்கும். செந்நிறத் தவிடோ முற்றும் நீங்குவதில்லை. ஆலைகளில் அரிசியை வெண்மையாகத் தீட்டும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசிய நாடுகளிற் பரவியது. அதனுடன் பெரிபெரி என்னும் நோயும் பெருகியது. கால்கள் மரத்துத் தளர்ந்தன, இதயம் சோர்ந்தது, பலர் மாண்டனர். இது நோய்க் கிருமியால் வருவதென்றே மருத்துவர் பலரும் நம்பினர்.

யாவாத் தீவிலே, பத்தாவியா நகரில் ஆராய்ந்துகொண்டிருந்த ஒல்லாந்த மருத்துவர் கிறித்தியான் ஐக்மன், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தீட்டாத அரிசியை உண்டபின் தேறுவதையும் கண்டார். அவர் தம் ஆய்வு முடிவுகளை 1897ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டார்.

மலாயாவிலோ தமிழரின் உணவே சான்றாயிற்று. அங்குத் தீட்டிய பச்சை அரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடையே பெரிபெரி பரவியது. புழுங்கலரிசியை உண்ட தமிழ்த் தொழிலாளரிடையே அது அரிதாகவே காணப்பட்டது. 1906ஆம் ஆண்டிற் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெச்சர் என்பார் நோயாளரை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் புழுங்கலும் மறு பகுதியினருக்குத் தீட்டிய பச்சை அரிசியும் அளித்தார். பச்சை அரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் உண்டோரில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசியின் உள்ளே புகுகின்றது. பின்பு தவிட்டை நீக்கினும் அதிற் பெரும்பகுதி எஞ்சுகின்றது.

இத்தகைய சத்துக்களுக்கு 1912ஆம் ஆண்டிற் காசிமிர் பங்க் என்பார் ‘விற்றமின்’ என்னும் பொதுப்பெயரிட்டார். தவிட்டிலுள்ள அச்சத்து இன்று விற்றமின் பீ-1 எனப்படும். ஐக்மன் 1929ஆம் ஆண்டில் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். அறிஞர் இவற்றைக் கண்டறியுமுன்னரே, பெயரறியாத பெண்கள் பல தலைமுறைகளாக நெல்லை அவித்தும் குத்தியும் தம் குடும்பங்களைக் காத்து வந்தனர்.

இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. நாள்தோறும் உண்ணும் சோற்றுக்குப் புழுங்கல் காவலாயிற்று. பொங்கலுக்கோ பச்சை அரிசியே உரியது. அதற்கு அவித்தலின் காவல் இல்லை. அதன் சத்தைக் காத்தது உரலிற் குத்திய செந்தவிடு ஒன்றே. இன்று உரலும் உலக்கையும் பெரும்பாலான வீடுகளில் ஓய்ந்துவிட்டன. உரலின் இடத்தை ஆலை பெற்றது, வெண்மை அழகெனப்பட்டது. ஆயினும் தீட்டாத சிவப்புப் பச்சை அரிசியைக் கேட்டு வாங்குவோர்க்கு அது இன்றும் கிடைக்கின்றது. வேக அதற்குச் சற்றுக் கூடுதலான நேரம் வேண்டும். முன்னரே ஊறவைத்தால் விரைவில் குழையும். சர்க்கரையை அளவோடு இடுதலும் நன்று.

பொங்கல் ஞாயிற்றுக்கு நன்றி கூறும் படையல். கதிரொளியால் விளைந்த நெல்லின் சத்தை ஆலைத் தவிட்டோடு போகவிட்டு, வெறும் வெண்மையைப் படைத்தல் அந்நன்றிக்கு நிறைவாகாது. நாவற்குடாவின் முற்றங்களிற் பொங்கும் பானை செவ்வரிசியாற் சிவந்திருப்பின், அதுவே முன்னோர் அறிந்த நிறம்.