தவறி விழுந்த இரண்டு சைபர்!

மஞ்சக்குட்டையில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் போனில் புலம்பினார். ''ரீஃபண்டு தர்றேன்னு சொன்னவனுக்கு, நான் எப்படி சார் பணம் கொடுத்தேன்?''

பதிலுக்கு இருநூறு வருடம் பின்னால் போக வேண்டும். புரட்சிக்குப் பிந்தைய பிரான்சில், சிறைக் கைதிகள் முன்பின் தெரியாத பணக்காரர்களுக்குக் கடிதம் போடுவார்கள். 'எஜமானோடு தப்பி ஓடும்போது நகைப்பெட்டியை ஒளித்து வைத்தோம். செலவுக்குக் கொஞ்சம் அனுப்பினால் உங்களுக்கும் பங்கு!' திருடனாக இருந்து போலீஸ் துப்பறிவாளராக மாறிய விடோக், நூறு கடிதத்துக்கு இருபது பேர் பதில் போட்டுவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறார். பிற்பாடு 'ஸ்பானிஷ் கைதி' என்ற பெயரில் இது உலகம் சுற்றியது. 1898-லேயே 'நியூயார்க் டைம்ஸ்' இதை ரொம்பப் பழைய மோசடி என்றது!

அங்கே தூண்டில் புழு, பேராசை. நண்பர் மாட்டிய தூண்டிலில்..? அவருடைய நேர்மை!

இணையத்தில் தேடி எடுத்த 'கஸ்டமர் கேர்' எண்ணே போலி. ஆசாமி, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க்கைப் போடச் சொன்னான். (மென்பொருள்மீது பாவமில்லை, பழுதுபார்க்கவும் அதுதான் உதவுகிறது. ஆனால், ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே அதன் பெயரைச் சொல்லி எச்சரித்தது.) சற்று நேரத்தில் அலறல்... ''ஐயோ சார்! 2,450-க்குப் பதிலா 2,45,000 போட்டுட்டேன். என் வேலை போயிடும், பிள்ளைகுட்டிக்காரன் சார்!'' திரையிலும் அதே தொகை. பதறிப்போய் 'மிச்சத்தை'த் திருப்பி அனுப்பினார் நண்பர்.

வங்கியில் ஒரு பைசாகூட வரவில்லை. திரையில் தெரியும் பக்கத்தில் மட்டும் எண்ணை மாற்றிக் காட்டுவது இவர்களுக்குச் சில நொடி வேலை. உடனே இணைப்பைத் துண்டித்து, வேறொரு போனிலோ வங்கிக் கிளையிலோ கணக்கைப் பார்த்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

படித்தவர், விவரமானவர் ஏமாறமாட்டார் என்கிறீர்களா? ஜிம் பிரௌனிங் என்ற புனைபெயர்க்காரர் குர்கான் மோசடிக் கால்சென்டரின் கண்காணிப்பு கேமராவுக்குள்ளேயே புகுந்தவர், 2020-ல் பி.பி.சி. அதை ஒளிபரப்பியது. அடுத்த ஆண்டே, யூட்யூப் ஊழியர்போல் பேசிய ஒருவனை நம்பித் தன் சேனலைத் தானே அழித்தார்! ஒளிக்காமல் அதை ஊருக்கும் சொன்னார்.

நம்மூரில் இதற்கு 1930 என்ற உதவி எண் இருக்கிறது. பணம் கைமாறிக் கைமாறி மறைவதற்குள் சொன்னால், கணக்கை முடக்கி மீட்க வாய்ப்புண்டு. நண்பரோ மறுநாள் மாலைதான் அழைத்திருக்கிறார். ''ஏன் சார் இவ்வளவு நேரம்?'' என்றேன்.

''பையனுக்குத் தெரிஞ்சா திட்டுவானே...''