ஏர் நெயில் கன்: பாதுகாப்பு
கம்ப்ரசரின் அழுத்தக் காற்றால் மரத்தில் ஆணி அறையும் கருவி. மாங்காடு, பூந்தமல்லி, அம்பத்தூர் வட்டார மரப் பட்டறைகளில் சோபாச் சட்டம், பேக்கிங் பெட்டி, பேலட் செய்ய ஏற்றது. பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 70 முதல் 120 பவுண்டு அழுத்தத்தில் இயங்கும். கருவியில் குறித்த உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

விசை: ஒரு வகையில் கருவியின் மூக்கை மரத்தில் அழுத்தி, ஒவ்வோர் ஆணிக்கும் விசையை விட்டு இழுக்க வேண்டும். மற்றதில் விசையைப் பிடித்திருந்தால் மூக்கு தொடும்போதெல்லாம் ஆணி பாயும். அப்போது கருவி துள்ளினால் இரண்டாம் ஆணி உடலில் ஏறலாம். புதியவருக்கு முதல் வகையே உகந்தது.

காப்பு: பாதுகாப்புக் கண்ணாடி, காதடைப்பு கட்டாயம். 2025 வரை நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 35ஆம் பிரிவு கண் பாதுகாப்புக்கானதாக இருந்தது. மரக்கணுவில் பட்ட ஆணி வளைந்து பக்கவாட்டில் வெளிவரலாம்; பிடிக்கும் கை ஓரடி தள்ளியிருக்க வேண்டும். சிக்கிய ஆணியை எடுக்குமுன் காற்றுக்குழாயைக் கழற்ற வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரை ஒருபோதும் இணைக்கக் கூடாது, கருவி வெடிக்கும்.