இயக்குநர் நாற்காலிக்குப் பின்னிருந்த கணிதம்: எம். ஆர். ராவும் சமநிலை அணிகளும்

பெங்களூரில் கணித ஆய்வு என்றதும் இந்திய அறிவியல் கழகமும் இந்தியப் புள்ளியியல் நிறுவனமுமே நினைவுக்கு வருகின்றன. பன்னேர்கட்டா சாலையில், பி. வி. தோஷி வடிவமைத்த கல்கட்டட வளாகத்தில் இயங்கும் இந்திய மேலாண்மை நிறுவனத்தை எவரும் அவ்வரிசையில் வைப்பதில்லை. எனினும், பிரிநிலைக் கணிதத்தின் மிக உயரிய விருதுகளுள் ஒன்றான ஃபுல்கர்சன் பரிசை 2000ஆம் ஆண்டில் பெற்ற கட்டுரைகளுள் ஒன்றின் மூன்று ஆசிரியர்களில் ஒருவர், அந்நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றியவர். அவர் எம். ஆர். ராவ் என்னும் மெண்டு ராம்மோகன் ராவ். உடன் எழுதியோர் இத்தாலியரான மிக்கேலே கான்ஃபோர்டியும் ஜெரார் கார்னுவேஜோலும்.

அக்கட்டுரை தீர்த்த சிக்கலை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஜயநகர், பசவனகுடி, மல்லேசுவரம் ஆகிய மூன்று பகுதிகளுக்கு ஆம்புலன்ஸ் நிலையங்கள் அமைக்க வேண்டும் என்று கொள்வோம். நிலையம் அமைக்கத்தக்க இடங்கள் மூன்று. ஒவ்வோர் இடத்திலிருந்தும் வெவ்வேறு இரு பகுதிகளை எட்டலாம். பகுதிகளை வரிசைகளாகவும் இடங்களை நிரல்களாகவும் கொண்டு, எட்டினால் 1, எட்டாவிடில் 0 என எழுதினால் ஓர் அணி கிடைக்கும். நேரியல் திட்டமிடல் முறையில் இதற்கு மிகக் குறைந்த விடையைத் தேடினால், ஒவ்வோர் இடத்திலும் அரை நிலையம், மொத்தம் ஒன்றரை என்று வரும். அரை நிலையத்தை யாராலும் கட்ட இயலாது. உண்மையில் இரண்டு தேவை. இதே சுற்று மூன்றுக்குப் பதிலாக நான்கு பகுதிகளைக் கொண்டிருந்தால், பின்ன விடையும் முழு எண் விடையும் இரண்டு என்றே ஒத்துப்போகும். தொல்லை ஒற்றைப்படையில் இருக்கிறது.

பிரெஞ்சுக் கணிதவியலாளர் குளோத் பெர்ஜ் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதனை வரையறையாக்கினார். ஒவ்வொரு வரிசையிலும் நிரலிலும் சரியாக இரண்டு 1கள் கொண்ட, ஒற்றைப்படை அளவுள்ள சதுரத் துணையணி எதுவும் இல்லாத 0-1 அணியைச் 'சமநிலை அணி' என்றார். இத்தகைய அணிகளில் பின்ன விடைத் தொல்லை எழாது என்பதை ஃபுல்கர்சன், ஹாஃப்மன், ஓப்பன்ஹைம் மூவரும் 1974இல் நிறுவினர். எஞ்சிய கேள்வி இதுதான்: கையில் உள்ள அணி சமநிலை அணியா என்று எப்படி அறிவது? துணையணிகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பது, அணி சற்றே பெரிதானாலும் எந்தக் கணினிக்கும் இயலாத காரியம்.

இக்கேள்விக்கு வந்து சேர்வதற்குள் ராவ் நெடுந்தூரம் நடந்திருந்தார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் அவர். மான்ஃப்ரெட் பாட்பெர்க்குடன் சேர்ந்து 1974இல் பயண விற்பனையாளர் சிக்கலைப் பற்றி எழுதினார். அவ்விருவரின் 1982ஆம் ஆண்டுக் கட்டுரை இன்றும் பாடநூல்களில் நிற்கிறது. இணைசேர்த்தல் சிக்கலுக்கு ஜாக் எட்மண்ட்ஸ் 1965இல் தந்த சமனிலிகளின் எண்ணிக்கை அடுக்குக்குறி வேகத்தில் பெருகும். அவற்றுள் மீறப்பட்ட ஒன்றை, அனைத்தையும் பட்டியலிடாமலே விரைந்து கண்டறியும் வழியைப் பாட்பெர்க்கும் ராவும் காட்டினர். பயண விற்பனையாளர் சிக்கலைத் தீர்க்கும் மென்பொருள்களுக்கும் இவ்வழி பயன்பட்டது.

சமநிலை அணிகளைப் பற்றிக் கான்ஃபோர்டியும் ராவும் 1980களிலிருந்தே கட்டுரைகள் எழுதிவந்தனர். கார்னுவேஜோலும் இணைந்தபின், மூவரும் அணியை இருகூறு கோட்டுருவாக நோக்கினர். எந்தச் சமநிலைக் கோட்டுருவும் ஒன்று எளிய அடிப்படை வகையைச் சேர்ந்ததாக இருக்கும், அன்றேல் குறிப்பிட்ட சில இடங்களில் வெட்டிப் பிரிக்கத்தக்கதாக இருக்கும் என்பது அவர்களின் தேற்றம். பெரியதை வெட்டிச் சிறியவற்றைச் சோதித்தால், பல்லுறுப்புக்கோவை நேரத்தில் விடை கிடைத்துவிடும். 1999இல் வெளியான இந்நிரூபணம் நூறு பக்கங்களைத் தாண்டியது. ஃபுல்கர்சனே ஆராய்ந்த பொருளில் எழுந்த கேள்விக்கான விடை, அவர் பெயராலான பரிசையே பெற்றது.

ராவைப் பற்றிய பொது நினைவோ வேறு. பெங்களூரில் இயக்குநர், பின்னர் ஐதராபாத்தின் இந்திய வணிகப் பள்ளியில் முதன்மையர் என்ற பதவிகளால் அவர் அறியப்படுகிறார். சத்யம் நிறுவனத்தின் சுயேச்சை இயக்குநராக இருந்த அவர், அந்நிறுவனச் சிக்கலின் சூழலில் 2009 ஜனவரியில் முதன்மையர் பொறுப்பிலிருந்து விலகியது நாளேடுகளில் செய்தியாயிற்று. தேற்றம் ஒருபோதும் தலைப்புச் செய்தியானதில்லை.

மொழியியல் பயின்ற எனக்கு இதில் ஒரு பாடம் தெரிகிறது. ஒரு சொல்லை அது வரும் சூழலைக் கொண்டே வகைப்படுத்துவதுபோல், ஓர் ஆய்வாளரை அவர் அமர்ந்த துறையின் பெயர்ப்பலகையைக் கொண்டே வகைப்படுத்துகிறோம். மேலாண்மைப் பள்ளி என்றால் தூய கணிதம் இராது என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் சேர்மான உகப்பாக்கம் வளர்ந்ததே இத்தகைய எல்லைகளில்தான். நடைமுறைக் கேள்வியே கேட்டுக்கேட்டுத் தேற்றமாயிற்று.

இன்னொன்றும் உண்டு. பெர்ஜின் வரையறைக்கும் இந்நிரூபணம் அச்சேறியதற்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன. ஆண்டுதோறும் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கேட்கும் நம் மதிப்பீட்டுப் படிவங்களில், ஒரு கேள்வியோடு பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததைக் குறிக்க எந்தக் கட்டமும் இல்லை. ஆய்வு நெறியாளர்களும் மாணவர்களும் அப்படிவத்தை நிரப்பும்போது இந்த நூறு பக்கங்களை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.