மெர்தாஜாம் மலையடிவாரத்தில் ஓர் எழுத்துப்பாறை

பினாங்கில் மலையேற்றம் என்றவுடன் பலருக்கும் நினைவில் எழுவது கொடிமலையே. ஆயினும், ஒரு பங்கின் இளையோர் குழு ஒருநாள் பயணமாகச் சென்று, மலையேறி, செபித்துத் திரும்புவதற்கு ஏற்ற மலை நீரிணைக்கு அப்பால், பெருநிலத்தில் உள்ளது. ஜார்ஜ்டவுனிலிருந்து பெரியில் பட்டர்வொர்த் சென்றோ, 1985இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்தோ புக்கிட் மெர்தாஜாமை அடையலாம். மலையின் உயரம் ஐந்நூறு மீட்டருக்குச் சற்று மேல். அதன் அடிவாரத்தில் புனித அன்னம்மாள் திருத்தலம் அமைந்துள்ளது.

1786இல் பினாங்குத் தீவையும், 1800இல் எதிர்க்கரைப் பெருநிலத்தையும் ஆங்கிலேயர் கெடாவிடமிருந்து பெற்றனர். அதன் பின்னர் இங்கு வந்து குடியேறிய சீனக் கத்தோலிக்கரும், கரும்புத் தோட்டங்களில் உழைக்க வந்த தமிழரும் இத்தலத்தின் முதல் மக்களாயினர். 1846இல் பிரெஞ்சு மறைப்பணியாளர் ஒருவரின் முயற்சியால் குன்றின்மீது முதற் சிற்றாலயம் எழுந்தது. 1888இல் கட்டப்பட்டதே இன்று நாம் பழைய ஆலயம் என்று அழைப்பது.

இத்தலத்திற்கு மக்கள் வரமுடியாத காலமும் இருந்தது. 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபின், கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களின் நடமாட்டம் காரணமாக இம்மலைப்பகுதி தடைசெய்யப்பட்ட இடமாயிற்று. பங்கு மக்களுக்காக வேறோர் இடத்தில் ஆலயம் கட்டவேண்டி வந்தது. தடை நீங்கிய பிறகு மக்கள் மீண்டும் வரத் தொடங்கினர். 2002இல் பெரிய புதிய ஆலயம் எழுந்தது. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் இதனைச் சிறிய பசிலிக்காவாக உயர்த்தினார். சூலை 26ஆம் நாளையொட்டி நடைபெறும் திருவிழாவின்போது, தமிழ், சீனம், மலாய், ஆங்கிலம் என நான்கு மொழிச் செபங்களும் இங்கு ஒலிக்கின்றன.

இவ்வளவும் வருவோர் பலரும் அறிந்த செய்திகளே. அவர்கள் பெரும்பாலும் காணாது கடந்துபோவது வளாகத்திலேயே கிடக்கும் ஒரு கருங்கற்பாறையை. ஆங்கிலேயப் படைத்தலைவர் ஜேம்ஸ் லோ 1845இல் அதில் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டார். செரோக் தோக்குன் கல்வெட்டு என்று அறிஞர் அழைப்பது இதனைத்தான். எழுத்து தென்னிந்தியப் பல்லவர் கால வரிவடிவத்தைச் சார்ந்தது, மொழி சமற்கிருதம், காலம் ஏறத்தாழ ஐந்து அல்லது ஆறாம் நூற்றாண்டு. பெரிதும் தேய்ந்துவிட்டதால் முழுமையாகப் படிக்க இயலாது. இதே வட்டாரத்தில் லோ 1834இல் கண்டெடுத்த மற்றொரு கல்லில், புத்தகுப்தன் என்னும் பெருங்கப்பல் தலைவன் தன் பயணம் நலமுற வேண்டுகிறான். அது இன்று கொல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளது.

மேடைகளில் சிலர் ஆர்வ மிகுதியால் இப்பாறையைத் 'தமிழ்க் கல்வெட்டு' என்று முழங்கக்கூடும். அது தவறு. இல்லாத பெருமையைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தால், உள்ள பெருமையையும் பின்னர் அவர்கள் நம்பமாட்டார்கள். உள்ளது சிறிதன்று. வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு வடக்கே ஜெராய் மலை அடையாளமாய் நின்றது. அதன் அடிவாரமான பூஜாங் பள்ளத்தாக்கில் வணிகர் தங்கினர், வழிபாட்டிடங்கள் எழுந்தன. அந்த வணிக உலகின் தென்னெல்லையில், தென்னிந்திய வரிவடிவம் அறிந்த ஒருவர் இம்மலையடியில் உளியெடுத்து அமர்ந்திருக்கிறார். நம் பாட்டன்மார் ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறியதற்குப் பன்னிரு நூற்றாண்டுகளுக்கும் முந்திய செய்தி இது. 'நாம் இந்நாட்டிற்கு வந்தது பால்மரம் வெட்டத்தானே?' என்று கேட்கும் பிள்ளைக்கு, அத்தோட்ட வரலாற்றைச் சிறிதும் தாழ்த்தாமல், இப்பாறையைக் காட்டி விடைகூறலாம்.

நான்காம் ஆண்டு வரலாற்றில் தொல் மலாய் அரசுகளைப் படிக்கும் மாணவருக்கு ஏட்டில் உள்ளதைக் கண்ணால் காணும் வாய்ப்பும் இதுவே. ஆகவே, பங்கு இளையோரை அழைத்துச் செல்லும் பெரியவர்கள், மலையேறும் முன்பே பாறையருகில் கால்மணி நேரம் ஒதுக்குக. இறங்கி வந்தபின் எனில், களைத்த பிள்ளைகளின் கண் உணவுப் பொட்டலத்தின் மீதே இருக்கும்! எழுத்தின்மீது சுண்ணக்கட்டி பூசவோ, கைவைத்துத் தேய்க்கவோ விடவேண்டா. ஒரு கைவிளக்கு கொண்டுசென்று பக்கவாட்டிலிருந்து ஒளிபாய்ச்சினால், தேய்ந்த கோடுகளும் நிழலாய்த் தெரியும்.